நட்சத்திரம் சொன்னால் ஓட்டு விழுமா?

தேர்தல் வந்துவிட்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், சினிமாக்காரன் கைகாட்டிய பக்கம் குத்திவிட்டு வருவார்கள்" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அப்படி நம்புகிறவர்கள், ரஜினிகாந்த் வாய் திறந்த மூன்று தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1996இல், ஜெயலலிதா மீண்டும் ஆட்சிக்கு வந்தால் தமிழகத்தை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று அவர் பேசினார், தி.மு.க., தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) கூட்டணி வாரிச் சுருட்டியது, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அந்த வெற்றியை ரஜினியின் கணக்கில் எழுதுவோர் இன்றும் உண்டு. ஆனால் ஊழல் புகார்களும், 1995இல் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரமும், அ.தி.மு.க.வுடன் கூட்டணி என்று காங்கிரஸ் மேலிடம் முடிவெடுத்ததால் மூப்பனார் வெளியேறி த.மா.கா. என்ற தனிக்கட்சி கண்டதும் சேர்ந்து, ரஜினி பேசுவதற்கு முன்பே ஊரின் மனநிலையைத் தீர்மானித்திருந்தன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1998 மக்களவைத் தேர்தலில் அதே ரஜினி அதே கூட்டணியை ஆதரித்தார், அ.தி.மு.க. அணி 39இல் 30 இடங்களைப் பிடித்தது. 2004இல் பா.ம.க.வைத் தோற்கடிக்க அவருடைய ரசிகர்கள் களத்தில் இறங்கி வேலை பார்த்தும், அக்கட்சி போட்டியிட்ட 6 தொகுதிகளிலும் வென்றது. மூன்று முறையும் ஆள் ஒருவர்தான், மாறியது காற்றுதான்.

எம்.ஜி.ஆரை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவருடைய ரசிகர் மன்றங்கள் தி.மு.க.வுக்காகப் பல ஆண்டுகள் கொடி கட்டி, சுவர் எழுதி, ஓட்டுக் கேட்டுப் பழகியவை. 1972இல் அவர் கட்சி தொடங்கியபோது அவற்றுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. வாக்குச்சாவடிக்குச் சற்றுத் தள்ளி மேசை போட்டு, பட்டியலில் வந்தவர் பெயரை அடித்துக்கொண்டே இருந்து, மாலை மூன்று மணிக்கு "அந்தத் தெருவில் இன்னும் நாலு வீடு பாக்கி" என்று வண்டி அனுப்புகிற பூத் கமிட்டிக்காரர் செய்யும் வேலையை, மாநாட்டில் கூடிய எந்தக் கூட்டமும் தானாகச் செய்துவிடாது. (சிவாஜி கணேசனைவிட நல்ல நடிகர் யார்? 1989இல் திருவையாறு அவரைத் தோற்கடித்தது.)

அமெரிக்காவிலும் கதை பெரிதாக மாறவில்லை. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2018இல் டென்னசி மாநிலத்தில் ஆதரித்த ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர் தோற்றார். 2024இல் அவர் ஆதரித்த கமலா ஹாரிஸும் தோற்றார். இருந்தாலும் 2024 செப்டம்பரில் அவர் இன்ஸ்டாகிராமில் பகிர்ந்த ஒரு இணைப்பைத் தொட்டு, ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்காளர் பதிவுக்கான அரசு இணையதளத்துக்குப் போனார்கள். போனவர்கள் எல்லாரும் பதிவு செய்தார்கள் என்று சொல்ல முடியாதுதான். ஆயினும், யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதில் செல்லாத நட்சத்திரத்தின் சொல், பட்டியலில் பெயர் சேர்ப்பது என்பதில் செல்லுபடியாகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நம் ஊரில் அந்த வேலைக்குத் தேவை நிறைய இருக்கிறது. 1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆனது. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் (அந்த நாளில் 18 வயது நிறைந்திருந்தால் பெயர் சேர்க்கலாம்) வந்துவிட்டன. 17 வயது நிறைந்தாலே, பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். இவ்வளவு இருந்தும், கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கும் இராமநாதபுரத்துப் பெண், தன் பெயரை எந்த ஊர்ப் பட்டியலில் சேர்ப்பது, வாக்குப்பதிவு நாளில் எந்தப் பேருந்தைப் பிடித்து ஊர் போய்ச் சேருவது என்று தெரியாமல் அந்தத் தேர்தலையே விட்டுவிடுகிறாள். அவளை "சினிமா மோகத்தில் ஓட்டுப் போடுகிறவள்" என்று திட்டுவதற்கு முன், அவள் ஓட்டே போடவில்லை என்பதையாவது நாம் தெரிந்துகொள்ளலாம். படம் வெளியாகும் நாளில் முதல் காட்சிக்கு ஆயிரம் பேரைத் திரட்டத் தெரிந்த ரசிகர் மன்றங்கள், அடுத்த தகுதி நாளுக்குள் கல்லூரி வாசலில் ஒரு மேசை போட்டு படிவம் 6ஐ நிரப்பிக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைகள் பிறகு எந்தச் சின்னத்தில் குத்துகிறார்கள் என்பதை மட்டும் கேட்காமல் இருக்கட்டும்.