ஹாட் டெஸ்க்: கணக்கு பிசகும் இடம்
ஹாட் டெஸ்க் என்றால் அலுவலகத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது, அன்றன்று காலியாக இருக்கும் மேசையில் உட்கார வேண்டும். 'நிரந்தர இருக்கையை எடுத்துவிட்டால் எல்லாரும் எல்லாரோடும் பழகுவார்கள்' என்று இந்த முறையை ஆதரிப்பவர்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய். லாஸ் ஏஞ்சலஸில் ஷயட்/டே விளம்பர நிறுவனம் 1990களிலேயே இதைச் செய்து பார்த்தது. ஊழியர்கள் கோப்புகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள், சில ஆண்டுகளில் திட்டமே கைவிடப்பட்டது. கோளாறு பெரும்பாலும் கணக்கில்தான். வாரச் சராசரி வருகை 60 சதவீதம் என்றால் 100 பேருக்கு 65 மேசை போடுகிறார்கள். செவ்வாய், புதனில் 80 பேர் வந்து நிற்பார்கள், ஒரே குழு மூன்று தளங்களில் சிதறும். மேசையைப் பொதுவாக்கலாம், குழுவின் பகுதியைப் பொதுவாக்கக் கூடாது: 10 பேருக்கு 8 மேசை, பக்கத்திலேயே ஆளுக்கொரு லாக்கர், அழிக்கப்படாத ஒரு வெள்ளைப் பலகை. முன்பதிவுச் செயலியிலும் குழுவாகச் சேர்ந்து இடம்பிடிக்க வழி வேண்டும். சோபா, காபி மூலையெல்லாம் அதற்கப்புறம்.