தோலில் கரப்பான் வந்தால் சாப்பாட்டின் மேல் பாயாதீர்கள்

குழந்தையின் கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் அரிப்போடு தடிப்பு வந்துவிட்டால் போதும், வீட்டில் முதல் வெட்டு சாப்பாட்டுக்குத்தான். பால் கூடாது, முட்டை கூடாது, கோதுமை கூடாது. குழந்தை இளைத்ததுதான் மிச்சம், அரிப்பு அசையாது.

கரப்பான் என்று நாம் சொல்லும் அட்டோபிக் எக்சிமாவில் தகராறு தோலிலேயே இருக்கிறது. தோலின் மேலடுக்கை உறுதியாக வைத்திருக்கும் புரதம் ஃபிலாக்ரின். அதன் மரபணுவில் பழுதிருந்தால் இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பது 2006இல் தெரியவந்தது. எல்லா நோயாளிக்கும் அந்தப் பழுது இருக்காது என்பது வேறு விஷயம். ஆனால் யாராக இருந்தாலும் தோலில் ஈரம் நிற்பதில்லை. சோப்பும் தூசும் கிருமியும் சுலபமாக உள்ளே புகுந்துவிடுகின்றன. எதிர்ப்பாற்றல் கொந்தளித்து அரிப்பு எடுக்கிறது. சொறியச் சொறிய மேலடுக்கு இன்னும் கிழிகிறது, ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அங்கே பெருகுகிறது. உணவு ஒவ்வாமைகூட இந்தக் கிழிந்த தோல் வழியாக உருவாகலாம். நாம் காரணம் என்று நினைப்பது பல நேரம் விளைவுதான்!

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்தால், உதடு வீங்கினால், வாந்தி எடுத்தால் உணவைச் சந்தேகிக்கலாம். வெறும் ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்ததற்காக ஒன்றை நிறுத்துவது சரியில்லை.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் வேலை. வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல், நுரை பொங்கும் சோப்பு இல்லாமல். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் (தோலில் ஈரத்தை நிறுத்தும் களிம்பு). உடம்பு முழுக்க வறண்டிருக்கும் பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் ஆகும். சின்ன டியூபை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு "எதுவும் கேட்கவில்லை" என்றால் எப்படிக் கேட்கும்?

தடிப்பையும் அரிப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு களிம்பிலும் இதே கஞ்சத்தனம். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குச் சரி. சிவப்பு மங்கியதும் நிறுத்தக் கூடாது. நம் நிறத்தில் அது பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும், கண்ணை நம்ப முடியாது. தடவிப் பார்த்தால் சொரசொரப்பு போயிருக்க வேண்டும், அரிப்பும் அடங்கியிருக்க வேண்டும். அடிக்கடி திரும்பி வரும் இடத்தில், மருத்துவர் சொன்னால், வாரம் இரண்டு நாள் தொடரலாம். முகத்துக்கு மென்மையான வகைதான். இமைக்கு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு கொடுத்தால் முதல் சில நாள் எரியும். அதற்குப் பயந்து தூக்கிப் போடுபவர்களும் உண்டு.

ஸ்டீராய்டு என்றாலே அலறுகிறவர்கள், அதே ஸ்டீராய்டு பூஞ்சைத் தொற்று மருந்தோடும் ஆன்டிபயாடிக்கோடும் கலந்து வரும் களிம்பைச் சீட்டில்லாமல் வாங்கி முகத்தில் பூசுவதுதான் வேடிக்கை. தோல் மெலிந்து ரத்த நாளம் தெரிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட பயன்பாட்டில்தான்.

எக்சிமா உள்ள இடத்தில் திடீரென ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, குத்தியெடுத்ததுபோல் புண்ணாகி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். களிம்பு பூசிக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை. கண்ணருகே என்றால் கண் மருத்துவரும் பார்க்க வேண்டும்.