தேத்தண்ணிக்கு இருமினவர்

வாட் ரவுண்ட் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊர்த் திருவிழாவில் சுவாமி வெளிவீதி சுற்றுகிற மாதிரித்தான். முன்னுக்குப் பெரிய டொக்டர், பின்னால் ரெஜிஸ்ட்ரார், அவருக்குப் பின்னால் ஹவுஸ் ஒஃபிசர், ஃபைல் கட்டோடு தாதியர் நாங்கள், கடைசியில் மாணவப் பிள்ளைகள். சுவாமி எந்தக் கட்டிலடியில் நிற்கிறாரோ அங்கேதான் எல்லோரும் நிற்போம். சிற்றூழியர்கள் இந்த ஊர்வலத்திலேயே இல்லை. கட்டிலுக்குக் கீழே கிடக்கிற செருப்பையும் போத்தலையும் ஒதுக்கிவிட்டு அவர்கள் மறைந்துவிட வேண்டும்.

இதைத்தான் ‘ரீம் வேர்க்’ என்று சேவைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பென்ஷன் எடுத்துவிட்டேன், உண்மையைச் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த ஒரு வாட்டில் பாரிசவாதம் வந்த ஒரு ஐயா இருந்தார். புகையிலைத் தோட்டம் செய்தவர். ஒரு பின்னேரம், மருந்து குடுக்கிற அவசரத்தில் நான் நிற்க, அவருக்குச் சாப்பாடு தீத்துகிற சிற்றூழியர் அக்கா வந்து சொன்னா: “மிஸ், ஐயா தேத்தண்ணி குடிச்சா இருமுறார். சோறு குழைச்சுத் தீத்தினா அவ்வளவு இல்லை.”

“அவசரப்பட்டுக் குடிச்சிருப்பார். ஆறவைச்சுக் குடுங்கோ” என்றேன்.

அந்த அக்கா சொன்னது ஒரு முழு மருத்துவக் குறிப்பு. பாரிசவாதம் கையையும் காலையும் மட்டும் பிடிப்பதில்லை, விழுங்குகிற தசைகளையும் பிடிக்கும். தண்ணி, தேத்தண்ணி போல ஓடுகிற பொருள் வேகமாக இறங்கும். தொண்டை மூடிக்கொள்ளப் பிந்தினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குழைந்த சாப்பாடு மெதுவாக இறங்குவதால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பேச்சுச் சிகிச்சையாளர் என்றால் கதைக்கப் பழக்குகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். விழுங்கலைச் சோதிப்பதும் அவர்களின் வேலை. அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். நான் கொப்பியில் எழுதவில்லை, இரவு ட்யூட்டிக்கு வந்தவவுக்கும் சொல்லவில்லை. அடுத்தநாள் ரவுண்டில் “எல்லாம் ஓகேயா?” என்று கேட்க, “ஓகே சேர்” என்றேன்.

இரண்டு நாளில் காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் நியூமோனியா. ஐயா தப்பிவிட்டார், ஆனால் மூக்குக் குழாயோடு நாட்கணக்காகக் கிடந்தார்.

இதில் ஆருக்கும் அறிவு குறைவில்லை. அறிந்தவவுக்கு எழுத உரிமையில்லை, எழுதக்கூடிய நான் அதைச் சின்ன விஷயம் என்று நினைத்தேன், முடிவெடுக்கிறவருக்கு அது போய்ச் சேரவே இல்லை. அதுபோக, குறிப்பெல்லாம் இங்கிலீசில். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தது 19ஆம் நூற்றாண்டில். நாங்கள் இப்பவும் அந்த அக்காவுக்கு வாசிக்க விளங்காத ஃபைலை அவவின் கண்ணுக்கு முன்னாலேயே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கமுதல் தியேட்டரில் நிற்கிற எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. முதலில் கேட்கச் சிரிப்பு வந்தது, ஒருவரையொருவர் தெரியாதா என்று. 8 நகரங்களில் அந்தப் பட்டியலைப் பரீட்சித்து 2009இல் வந்த ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய இறப்பு நூற்றுக்கு 1.5இல் இருந்து 0.8ஆகக் குறைந்திருந்தது. அந்த ஒரு வரியால் மட்டும் நடந்ததில்லைத்தான். ஆனால் ஒருமுறை வாய் திறந்த ஆள் பிழையைக் கண்டால் இரண்டாம் முறையும் திறக்கும் என்பதை நான் நம்புகிறேன்.

ஃபோனில் டொக்டருக்கு அறிவிக்க நாலு படி சொல்லித் தருவார்கள்: என்ன நடக்குது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறன், என்ன செய்ய வேணும். எங்கள் பிள்ளைகள் முதல் இரண்டையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவிப்பார்கள். மூன்றாவதில் குரல் இறங்கிவிடும். “நான் நினைக்கிறன்” என்று ஒரு தாதி சொன்னால் அது வாய்க்கொழுப்பு என்று பழக்கிவிட்டோம். பழக்கினவர்களில் நானும் ஒருத்தி. “மிஸ், நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?” என்று கேட்ட டொக்டர்மாரை விரல்விட்டு எண்ணலாம், அவர்களின் வாட்டில் வேலை செய்ய நாங்கள் சண்டை பிடித்தோம். நானோ சிற்றூழியர் ஒருவரிடம் அந்தக் கேள்வியை அதுவரை கேட்டதே இல்லை.

ஐயாவுக்குக் காய்ச்சல் விட்டபிறகு பேச்சுச் சிகிச்சையாளர் வந்து பார்த்து, “எல்லாத்தையும் கூழ் பதத்தில குடுங்கோ” என்று மகளிடம் சொன்னா. அடுத்தநாள் மத்தியானம் மகள் ஆசையாக ஒரு தூக்குச்சட்டி கொண்டுவந்தா. அச்சொட்டான ஒடியல் கூழ்! நண்டு, மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை, ஒன்றும் குறையவில்லை. பிழை மகளிலா? கூழ் என்றால் யாழ்ப்பாணத்தில் வேறென்ன?

வாசலிலேயே பிடித்தது அதே அக்காதான். “பிள்ளை, உதுக்குள்ள முள்ளெல்லே கிடக்கு” என்று சட்டியை வாங்கி மூடினா. நான் மேசையில்தான் இருந்தேன். என்னைத் தாண்டி, நேரே சிகிச்சையாளரைத் தேடிப் போனா.