ஒரு ராத்திரிதானே?

திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில் என்ன நேர்ந்தது என்று அங்கே இருந்தவர்களே எழுதிவிட்டார்கள், நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. நீலகிரி மலையில் இருக்கும் கோத்தகிரியிலிருந்து சென்ற எங்கள் சிறு தேயிலை விவசாயி ஒருவர் 40 நிமிடம் தாமதமாக உள்ளே நுழைந்ததும், மேடையில் இருந்தவர் "மலையிலிருந்து வருபவர்களுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், ஒரு ராத்திரிப் பயணம்தானே" என்றாராம். அரங்கமும் சிரித்ததாம். சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு என்பதால் நிதானமாகவே எழுத முயல்கிறேன்.

சென்னைக்கான எங்கள் பயணம் மேட்டுப்பாளையத்தில் தொடங்குவதில்லை. நீலகிரி எக்ஸ்பிரஸ் என்று எங்கள் மலையின் பெயரைத் தாங்கி ஓடும் வண்டி, நீலகிரி மாவட்டத்தில் ஒரு நிலையத்தில்கூட நிற்பதில்லை. அது புறப்படும் மேட்டுப்பாளையம் கோவை மாவட்டத்தில் இருக்கிறது. இரவு 9 மணியையொட்டிக் கிளம்பும் அந்த வண்டிக்காக நாங்கள் மாலை 4 மணிக்கே வீட்டைப் பூட்டுகிறோம். கோத்தகிரியிலிருந்து 33 கிலோமீட்டர்தான், வரைபடத்தில் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் அந்த வரைபடத்தில் மூடுபனி இல்லை, மழையில் சாய்ந்த மரம் இல்லை, பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் சாலையை மறித்து நிற்கும் யானை இல்லை. கோடையில் ஊட்டியிலிருந்து இறங்கும் சுற்றுலா வாகனங்களையெல்லாம் எங்கள் பாதையில் திருப்பிவிடுவதும் அதில் தெரியாது.

"உங்களுக்குத்தான் மலை ரயில் இருக்கிறதே" என்று அந்தப் பதிவுகளில் ஒருவர் பின்னூட்டம் இட்டிருந்தார். இருக்கிறது ஐயா. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்தது, 2005-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரமும் பெற்றது. ஆனால் கோத்தகிரிக்கு அது வரவே இல்லை. ஊட்டிக்காரர்கள் பிற்பகல் 2 மணிக்கு அதில் ஏறினால் மாலை ஐந்தரை வாக்கில் கீழே இறங்கி, சென்னை வண்டிக்காக மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கல்லாறு – குன்னூர் இடையே மண் சரிந்தால் அதுவும் ரத்து. அதில் ஏறிச் சென்னைக்குப் போகச் சொல்வது, மெரினாவில் குதிரையேறி அலுவலகத்துக்குப் போகச் சொல்வதைப் போன்றது.

வந்தே பாரத்தைச் சொன்னவர்களுக்கும் நன்றி. 2023 ஏப்ரலிலிருந்து ஓடுகிறது, ஆறு மணி நேரத்துக்குள் சென்னையில் இறக்கிவிடுகிறது, நல்ல வண்டிதான். காலை 6 மணிக்கு அதைக் கோவையில் பிடிக்க நாங்கள் இரவு 2 மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் கோத்தகிரித் தெருவில் எங்களுக்குத் துணையாக நிற்பது பெரும்பாலும் கரடி. அதைவிட, நண்பகலில் போய் இறங்கும் வண்டியை வைத்துக்கொண்டு 10 மணிக் கூட்டத்துக்கு எப்படிப் போவது? விமானம் என்று எழுதியவருக்கு என்னிடம் பதில் இல்லை. பசுந்தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டு வரட்டும்.

மிச்சமிருப்பது பேருந்து. ரயிலில் இடம் கிடைக்காததால் அந்த மனிதர் அதில்தான் போனார். இரவு முழுவதும் உட்கார்ந்தே வந்தவரைக் காலை 8 மணிக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் "சென்னை, இறங்குங்க" என்று எழுப்பியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் கடைசியில் அந்த நிலையம் திறந்ததிலிருந்து எங்களுக்குச் சென்னை என்பது அங்கேதான் வருகிறது. அங்கிருந்து சென்ட்ரலுக்கு இன்னும் 30 கிலோமீட்டர் இருக்கிறது. திங்கட்கிழமைக் காலையில் மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டே போயிருக்கிறார். ஆக, அந்த 40 நிமிடம் எங்கள் மலையில் தொலைந்ததல்ல, கிளாம்பாக்கத்திலிருந்து நகருக்குள் வரும் உங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் தொலைந்தது.

கன்னியாகுமரிக்காரர்கள் இதைவிடத் தூரத்திலிருந்து வருகிறார்களே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவர்கள் தங்கள் ஊர் நிலையத்திலேயே ஏறிப் படுத்துவிடலாம். முந்தைய நாளே வந்து தங்கலாமே என்பீர்கள். யார் வீட்டில்? எங்கள் ஆட்களும் 4 மணிப் பேருந்தை விட்டுவிட்டு 5 மணிப் பேருந்துக்கு ஓடுகிறவர்கள்தான், மறுக்கவில்லை. அதைச் சொல்லிச் சிரிக்கும் உரிமை எங்களுக்கு மட்டும்தான் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவைச் சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வழியில் மரம் விழுந்து இரண்டு மணி நேரம் நின்றோம். மேட்டுப்பாளையம் நிலையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது வண்டியின் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பேருந்து மாறி மாறி மறுநாள் 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா குரங்குக் குல்லாவைப் பையில் திணித்துவிட்டார், ஸ்வெட்டருக்கு இடமில்லாததால் கையிலேயே வைத்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண், "இந்த வெயில்ல எதுக்குத் தாத்தா ஸ்வெட்டர்?" என்று கேட்டாள். "திரும்பி மேல ஏறணும்ல அம்மா" என்றார். அவருக்கு ஒதுக்கிய நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. ஸ்வெட்டரை மடியில் வைத்து நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

திங்கட்கிழமை அந்தச் சிரிப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மடிப்புதான். 1870-இலிருந்து பல பத்தாண்டுகள், ஒவ்வொரு கோடையிலும் சென்னை அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறி வந்தது. மேலே ரயிலே இல்லாத காலத்திலேயே அந்தக் கோப்புகளுக்கு மலையேறத் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஒரு கையெழுத்துக்கு நாங்கள்தான் இறங்க வேண்டும். இதே நீங்கள்தான், 2024 மே 7-ஆம் தேதி முதல் ஊட்டிக்கு வர இ-பாஸ் எடுக்கச் சொன்னபோது, சுதந்திரமே பறிபோய்விட்டதாகப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். கைபேசியில் சில நிமிடங்களில் கிடைக்கும் சீட்டு அது. எங்களிடம் அனுமதி கேட்டது உங்களுக்குச் சிரிப்பாக இல்லை, அல்லவா?

அடுத்த கூட்டமும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கே என்று நேற்று கடிதம் வந்துவிட்டது. இந்த முறை நானும் அவரோடு போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் காத்திருப்போர் பட்டியலில் எங்கள் எண்கள் 41, 42.