வக்கில்லாதவன் வாங்கிய கேமரா

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை கையில் தாலி, நம்ம பையன் கேமராவைக் கண்ணில் வைக்கிறான், 'டக்'கென்று ஒரு சத்தம், திரையில் எர்ரர். பேட்டரியைக் கழற்றுகிறான், மாட்டுகிறான், மறுபடியும் எர்ரர். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. அதற்கு வடிவேலு வசனத்தைப் பின்னணியில் போட்டு யாரோ ரீல்ஸ் ஆக்கிவிட்டார்கள். (ஊர்ப் பெயரும் மண்டபம், நடந்ததும் கல்யாண மண்டபத்தில். வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம்.)

சிரித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. என்னைக் கிளப்பிவிட்டது அதன் கீழே ஒரு கமெண்ட். எழுதியவர் நம்ம போட்டோத் தொழிலில் மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். "புதுக் கேமரா வாங்க வக்கில்லாதவன் எதுக்குக் கல்யாண ஆர்டர் எடுக்கணும்?" அதற்கு நூறுக்கு மேல் லைக். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் ஸ்டுடியோக்காரர்கள்.

அண்ணே, உங்கள் முதல் கேமரா புதுசா? சும்மா கேட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையன் பழைய கேமராவைப் பழைய கேமரா விலைக்கு வாங்கவில்லை. 'ரீஃபர்பிஷ்டு' என்று சொல்லி விற்றார்கள், செகண்ட் ஹேண்ட் விலைக்கு மேல் எட்டாயிரம் சேர்த்துக் கொடுத்தான். அந்த எட்டாயிரம் எதற்கு? அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம் உண்டு. வாங்கியவர் திருப்பிக் கொடுத்தது, கடையில் டெமோவுக்கு வைத்தது, வாரண்டியில் பழுதாகி வந்தது, இப்படிப்பட்டதை எல்லாம் திரும்ப எடுத்து, திறந்து பார்த்து, கெட்ட பாகத்தை மாற்றி, சோதித்து, 'இத்தனை மாதத்துக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்து விற்பது. அமெரிக்காவில் கேனான், நிக்கான் கம்பெனிகளே தங்கள் இணையக் கடையில் அப்படி விற்கின்றன. இங்கே பல இடங்களில் நடப்பது ரீஃபர்பிஷ் இல்லை, குளிப்பாட்டல். ஒரு புளோயர், ஒரு துணி, கிரிப் ரப்பருக்குக் கொஞ்சம் பசை, ஒரு புது டப்பா. பழைய கள், புதிய மொந்தை.

யார் திறந்தார்கள், எதை மாற்றினார்கள், எத்தனை நாளைக்கு யார் பொறுப்பு? இது பில்லில் எழுத்தில் இருந்தால் அது ரீஃபர்பிஷ்டு. இல்லையென்றால் அது செகண்ட் ஹேண்ட், அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இந்தப் பதிவில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே ஸ்க்ரோல் செய்துவிடலாம்.

பையனிடம் "பன்னிரண்டாயிரம் கிளிக்தான் ஓடியிருக்கு ப்ரோ" என்று சொல்லியிருக்கிறார்கள். மதுரையில் மெக்கானிக் கேபிள் போட்டுப் பார்த்தபோது ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் திறந்து மூடும் கதவுதான் ஷட்டர். அது இத்தனை கிளிக் தாங்கும் என்று கம்பெனிகள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. நிக்கான் டி750, கேனான் 5டி மார்க் 3 இரண்டுக்கும் 1,50,000. டி850க்கு 2,00,000. கேனான் 6டி, நிக்கான் டி5600 போன்றவற்றுக்கு 1,00,000. அது காலாவதித் தேதி கிடையாது. இரண்டு மடங்கு ஓடியதும் உண்டு, பாதியில் படுத்ததும் உண்டு. ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, பொய் எண்ணுக்குக் காசு கொடுப்பது வேறு. நிக்கானில் அந்த எண் படத்தின் ஃபைலுக்குள்ளேயே பதிவாகிறது, கார்டிலிருந்து நேராக எடுத்த ஒரிஜினல் ஜேபெக்கைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தால் அந்தத் தகவல் போய்விடும். கேனானில் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டித்தான் பார்க்க முடியும். கடைக்காரர் மறுத்தால் அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு தந்திரம். எண் உண்மையிலேயே குறைவாக இருக்கும், கேமரா செத்துப் பிழைத்ததாக இருக்கும். வீடியோவுக்கு ஓடிய மணிக்கணக்கு ஷட்டர் கவுண்டில் ஏறாது. ஒரு ரிசப்ஷனில் ஐந்து மணி நேரம் ஜிம்பலில் (ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி) சூடாகி ஓடிய பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, கணக்குப்படி அன்றைக்குப் பத்து கிளிக் அடித்திருக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில், கதவு அசையாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்ததும் மெக்கானிக்கல் ஷட்டர் கணக்கில் வராது.

இதெல்லாம் எந்த ஊர்க்காரருக்கும் பொருந்தும். நம்ம ஊருக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, உப்பு.

இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று நாளில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் பத்து நிமிஷம் நின்றால் லென்ஸ் கண்ணாடியை விரலால் தொட்டு நக்கிப் பார்க்கலாம், கரிக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரிக்காரர்கள் துரு ஆராய்ச்சிக்கு நம்ம மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். இரும்பு எப்படிச் சாகிறது என்று பார்க்க விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த ஊர் இது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, தனி பெயிண்ட் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் உங்கள் கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவுக்கு? வெளியே துடைத்துவிட்டாலும் உள்ளே போன உப்பு சும்மா இருக்காது. ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிற மாதிரி, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கேமரா அரிப்பது அலமாரிக்குள்ளே.

அதனால் துடைத்து மினுக்கிய பாடியைப் பார்த்து மயங்காமல் துடைக்க மறந்த இடத்தைப் பாருங்கள். ஹாட் ஷூவின் உள்விளிம்பு, ட்ரைபாட் திருகும் ஓட்டை, பேட்டரி அறைக்குள் இருக்கும் தகடுகள், ரப்பர் மூடிக்குப் பின்னால் இருக்கும் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ துவாரங்கள். பச்சைக் களிம்பு தெரிந்தால் வணக்கம் சொல்லிவிடுங்கள். ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், யார் என்று கேளுங்கள். லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தை, முழுசாகத் திறந்து பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் தெரியும். அந்தத் துவாரத்தைச் சுருக்கி எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்தால், படம் பதியும் சென்சாரில் உள்ள அழுக்கு புள்ளி புள்ளியாகத் தெரியும். அழுக்கு போய்விடும். கலர் கலராகக் கோடு விழுந்திருந்தால் போகாது. ரிசப்ஷனில் சுழலவிடும் லேசர் லைட் நேராகச் சென்சாரில் பட்டால் அப்படி ஆகும். பேட்டரியின் வயதை மெனுவே சொல்லும். கேனானில் பல மாடல்களில் மூன்று பச்சைக் கட்டம், நிக்கானில் 0 முதல் 4 வரை எண்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? 2013இல் அம்மாவின் வளையலை அடகு வைத்து ராத்திரி ரயில் ஏறி சென்னைக்குப் போனேன். ஏசி கடை. கண்ணாடி மேசை. "நாப்பது பாயிண்ட் செக்கிங் முடிஞ்சது சார்" என்று டிக் அடித்த அட்டை வேறு. "ஒரு டாக்டர் வெச்சிருந்தது, வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான் எடுத்திருக்கார்." எப்போதும் ஒரு டாக்டர்தான், கவனித்திருக்கிறீர்களா? டாக்டர்கள் இத்தனை கேமரா வாங்கினால் வைத்தியம் யார் பார்ப்பது!

வீட்டுக்கு வந்து மெனுவை நோண்டிக்கொண்டிருந்தேன். காப்பிரைட் என்ற இடத்தில் உரிமையாளர் பெயர் போட்டு வைக்கலாம் இல்லையா, அங்கே ஒரு பெயர் இருந்தது. ஒரு ஸ்டுடியோ பெயர், கூடவே ஊர். நம்ம கடற்கரை ஊர்தான், எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இங்கே உப்பைக் குடித்து, சென்னைக்குப் போய்க் குளித்து, என் வளையல் காசில் திரும்பி வந்திருக்கிறது. நாற்பது பாயிண்ட்டில் அந்தப் பெயரை அழிப்பது ஒரு பாயிண்ட் இல்லை போல.

இரண்டே மாதம். கீழக்கரையில் ஒரு நிக்காஹ். ஃபிளாஷ் அடிக்கவில்லை, ஹாட் ஷூ அடியில் அத்தனை களிம்பு. கை நடுங்க நின்ற என்னைப் பார்த்துப் பெண்ணின் மாமா, "பரவாயில்ல தம்பி, வெளிச்சத்துல நிக்க வெச்சு எடுங்க, எடுத்துட்டு சாப்பிடாமப் போயிராதீங்க" என்றார். அன்றைக்கு யாரும் செல்போனில் என்னைப் படம் பிடிக்கவில்லை. எனக்கும் இந்தப் பையனுக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம். இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம்.

இப்போது வருவார்கள். "அப்போ ரீஃபர்பிஷ்டே வாங்கக் கூடாதுன்னு சொல்றியா?" இல்லை ஐயா, எங்கே சொன்னேன்? 2012இல் வந்த நிக்கான் டி600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புதுசிலேயே சென்சாரில் புள்ளி புள்ளியாகக் கறை விழுந்தது, பிறகு கம்பெனியே இலவசமாக ஷட்டர் மாற்றிக் கொடுத்தது. மாற்றியதற்குத் தாள் உள்ள டி600, மாற்றாத புத்தம் புது டி600ஐவிட நல்ல கேமரா. தாள்தான் கேமரா என்கிறேன்.

"வியாபாரிங்க வயித்துல அடிக்காதீங்க." எழுதிக் கொடுத்து விற்கட்டும், வயிறு நிறையும். அடுத்து.

"நீங்களும் உங்க பழைய கேமராவை வித்தவர்தானே?" இதை ஒருவர் என் இன்பாக்ஸில் கேட்டேவிட்டார். ஆமாம், 2019இல் விற்றேன். கிளிக் எண்ணிக்கையைச் சொன்னேன். ஜாய்ஸ்டிக் சில நேரம் ஒட்டும் என்று சொன்னேன். என் கையெழுத்தில் ரசீது கொடுத்தேன், சீரியல் நம்பர் போட்டு. கேமராவோடு வந்த கிட் லென்ஸில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி இருந்ததைச் சொன்னேனா என்றால், சொன்னதாகத்தான் ஞாபகம். அதுவும் லென்ஸ் சும்மா கொடுத்தது. வாங்கியவர் இன்றைக்கும் என்னோடு பேசுகிறார், வேண்டுமானால் அவரையே கேளுங்கள். இதையும் அதையும் ஒரே தட்டில் வைக்கிறவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

"பையன் பார்த்து வாங்கியிருக்கணும்." அவன் பில் கேட்டிருக்கிறான். "ஜிஎஸ்டி பில்லுன்னா முழு விலைக்கும் பதினெட்டு பர்சென்ட் கூட ஆகும்" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். பழைய பொருளை வாங்கி விற்கிறவர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட ஜிஎஸ்டி விதியிலேயே வழி இருக்கிறது. பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். கடை சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே, வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன். பையனிடம் பில் இல்லாவிட்டாலும் ஜிபே காட்டும், அந்தப் "பன்னிரண்டாயிரம் ப்ரோ" சாட்டும் இருக்கிறது. அழித்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் இப்போது அவனைப் பிளாக் செய்துவிட்டார், அது வேறு.

சரி, அந்த 'வக்கில்லாதவன்'. அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில். அந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் உலை வைத்தது, வாடகைக் கேமராவில் இவன் எடுத்த காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும். வாடகையே பாதியைத் தின்றுவிடுகிறதே என்றுதான் சொந்தமாக ஒன்று வாங்கினான். ஃபுல் ஃபிரேம் இருக்கா, ட்ரோன் இருக்கா, எல்இடி வால் இருக்கா என்று கேட்டுவிட்டு ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுக்கிறோமே, நாம்தான் அவனை அந்தக் கடைக்கு அனுப்பியது. மீதிப் பணத்துக்கு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை நடந்திருப்பான் என்று அந்த வீடியோவில் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். லாரியில் ஓடி ஓய்ந்த இன்ஜினைப் போரிங் செய்து படகில் ஏற்றுகிற கடற்கரை இது. அப்படி ஏற்றுகிறவனை வக்கில்லாதவன் என்று யாராவது சொல்கிறோமா? சொல்ல மாட்டோம். ஏனென்றால் இன்ஜினைப் பிரித்தது யார் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். நடுக்கடலில் நின்றுபோனால், திரும்பி வந்ததும் நேராக அந்த மெக்கானிக் வீட்டு வாசலுக்குப் போகலாம். ஏசி கடைக்காரரின் வாசல் எங்கே இருக்கிறது?

நேற்று சாயங்காலம் பையன் என் கடைக்கு வந்தான். வீடியோவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது மட்டும், "அம்மா பாத்துட்டாங்கண்ணே" என்றான். அடுத்த முகூர்த்தத்துக்கு உச்சிப்புளியில் ஒரு ஆர்டர் இருக்கிறதாம், அவர்கள் இன்னும் கேன்சல் செய்யவில்லையாம். என் ஸ்பேர் பாடியைக் கொடுத்தனுப்பினேன். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஓடியது, வலதுபக்கக் கார்டு மூடி லூசு, ரப்பர் பேண்ட் போட்டுக்கொள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இதைப் போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். அண்ணன் கமெண்டை எடுக்கவில்லை. லைக் இருபது கூடியிருக்கிறது.