400 டாலர் ரைஃபிளில் என்ன குறை?

சனிக்கிழமை தீபாவளி விருந்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. அங்கேயே பேசியிருப்பேன், விருந்துக்குக் கூப்பிட்டவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு ஆறவில்லை.

அந்தத் தம்பி கேட்டது சாதாரணக் கேள்வி. விஸ்கான்சினில் முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகிறேன், கையில் 700 டாலர் இருக்கிறது, என்ன ரைஃபிள், என்ன கேலிபர் (தோட்டா அளவு) வாங்கலாம்? அவ்வளவுதான். அதற்கு அண்ணன்மார் சொன்ன பதில்களைக் கேட்டீர்களே. "அந்தக் காசுக்குப் பொம்மைத் துப்பாக்கிதான் வரும்." "ஒரு வருஷம் பொறு, சேர்த்து வைத்து நல்லதா வாங்கு." ".300 வின்மேக் இல்லாமல் காட்டுக்குள் போகாதே" (பலமாக உதைக்கிற மேக்னம் தோட்டா அது). சேவேஜ் ஆக்சிஸ் என்ற விலை குறைந்த ரைஃபிள் போதுமே என்று நான் சொன்னதற்கு, "அக்கா, அது ரேஷன் கடைத் துப்பாக்கி" என்று ஒருவர் சொல்ல, மேஜையே சிரித்தது. தம்பி தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மான் விழுவது தோட்டா எங்கே படுகிறது என்பதைப் பொறுத்தது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம், வெள்ளைவால் மானுக்கு ஏறக்குறைய 8 அங்குல வட்டம். அங்கே பட்டால் போதும். படவைப்பது பழக்கம். பழகுவதற்குத் தோட்டா வேண்டும், தோட்டாவுக்குக் காசு மிச்சம் இருக்க வேண்டும். துப்பாக்கியிலேயே எல்லாக் காசையும் கொட்டிவிட்டு, சீசனுக்கு முந்தின நாள் நாலு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்சிஸ் சுமார் 400 டாலர். 3-9 மடங்கு, 40 மி.மீ. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்று 150 டாலருக்குள் வரும். வோர்டெக்ஸ் க்ராஸ்ஃபயர் போதும், கம்பெனியும் நம்ம விஸ்கான்சின் பார்னவெல்டில்தான் இருக்கிறது. ஸ்கோப்பை மாட்டுகிற வளையங்களுக்கு ஒரு 30. மீதியில் .308 சாஃப்ட் பாயின்ட் (முனை மென்மையான வேட்டைத் தோட்டா) நாலு பெட்டி, அதாவது 80 தோட்டா. வரியோடு கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். ருகர் அமெரிக்கன் ரைஃபிள் வாங்கினால் இன்னும் கொஞ்சம் கூடும், வெளிவந்த 2012இலிருந்து அதைக் குறை சொன்ன ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"மலிவுத் துப்பாக்கி குறி தவறும்" என்கிறீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு இந்த விலை ரைஃபிள்களே 100 யார்டில் ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்குள் தோட்டாக்களைக் குவிக்கின்றன. இங்கே காட்டுக்குள் பெரும்பாலான குறிகள் 100 யார்டுக்கும் உள்ளேதான். 8 அங்குல வட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் போதாதா? ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை) பிளாஸ்டிக், அழுத்தினால் வளைகிறது என்பது உண்மை. அக்யூட்ரிகர் (கனத்தை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய விசை) இல்லாத பழைய ஆக்சிஸில் விசை, அதாவது ட்ரிகர், இழுக்கக் கனமாக இருக்கும், அதுவும் உண்மை. அக்யூட்ரிகர் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். விலை கூடிய டிக்கா நல்ல ரைஃபிளா? ரொம்ப நல்ல ரைஃபிள். காசு இருக்கிறவர்கள் வாங்குங்கள். இல்லாதவனை ஒரு வருஷம் வீட்டில் உட்காரச் சொல்ல நாம் யார்?

இப்போது கேலிபர். ஏழரை பவுண்டு ரைஃபிளில் .243 தோளில் உதைப்பது சுமார் 9 அடி-பவுண்டு. .308 அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். .300 வின்மேக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முதல் தடவை துப்பாக்கி பிடிக்கிற பையனுக்கு எதைக் கொடுப்பீர்கள்? உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவான், தோளை முன்னே தள்ளுவான். ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) தினமும் நடக்கிற விஷயம் இது. சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. கூட வருபவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபோது நிஜத் தோட்டாவையோ வெடிக்காத டம்மியையோ போட்டுத் தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குழல்முனை சடாரென்று கீழே குனியும். பெரிய பெரிய ஆட்களுக்கும் குனிவதைப் பார்த்திருக்கிறேன்.

.243ஐ "லேடீஸ் கேலிபர்" என்றார் ஒருவர், என்னைப் பார்த்துக்கொண்டே. 1955இலிருந்து மானை வீழ்த்திக்கொண்டிருக்கிற கேலிபர் அது. 300 யார்டிலும் அதற்கு மான் வேட்டைக்குப் போதிய சக்தி உண்டு. எனக்கு .308 பிடிக்கும், எந்தச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும் என்பதால். 7 எம்எம்-08, 6.5 க்ரீட்மூர் இரண்டும் உதை குறைந்த, அருமையான கேலிபர்கள். "நாளைக்குக் கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போனால் என்ன செய்வான்" என்று (எல்க் மிகப் பெரிய மான் இனம்) கேட்டாரே அவருக்கு: கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்கிற குறைந்தபட்சக் கேலிபர் .24. முதல் மானையே இன்னும் பார்க்காதவனுக்கு எல்க் பற்றி எதற்குப் பேச்சு?

என் மனசு கொதிப்பதற்குக் காரணம் வேறு. போன சீசனில், பொழுது சாய்ந்த நேரத்தில் ஒரு பெட்டை மானைத் தேடி டார்ச் லைட்டோடு அலைந்தோம். சுட்டவர் நான் இல்லை. அவர் கையில் மேக்னம், ஸ்கோப்பும் சேர்த்து 3,000 டாலருக்கு மேல். அதற்கு முன்னால் ரேஞ்சுக்குப் போக நேரம் கிடைக்கவில்லையாம். குடலில் பட்டிருந்தது. குடலில் பட்ட மான் சாக மணிக்கணக்காகும். இலைமேல் பச்சையும் ரத்தமும் கலந்து கிடந்ததைப் பார்த்துப் பார்த்து ஓடை வரைக்கும் போனோம், அதற்கு மேல் தடம் இல்லை. காலையில் கண்டுபிடித்தபோது கயோட்டிகள் (நரி மாதிரி விலங்கு) தின்று போட்ட மிச்சம்தான் இருந்தது. சனிக்கிழமை அந்த மேஜையில் சத்தமாகச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மானை அவர் மறந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு "மானே பாவம், எதற்குச் சுட வேண்டும்" என்று சிலர் வருவீர்கள். விருந்தில் மட்டன் பிரியாணித் தட்டோடு நின்றுதான் அதையும் ஒருவர் சொன்னார். அந்த ஆடும் ஓர் உயிர்தான். நான் சாப்பிடுகிற கறிக்கு நானே பொறுப்பேற்கிறேன், சாப்பிட்டது போக மீதியை உணவு வங்கிக்குக் கொடுக்கிறேன். 2002இலிருந்து இங்கே மான்களுக்குச் சிடபிள்யூடி என்ற மூளையை அரிக்கும் நோய் இருப்பதால், தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகே சமைக்கிறேன். இதற்கு மேல் நான் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

இன்னொன்று. தம்பி எச்1பி விசாவில் இருக்கிறான். அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே ஃபெடரல் சட்டத்தில் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அவன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே அதுதான். இத்தனை வருஷ அனுபவம் பேசிய அண்ணன்மாரில் ஒருவராவது அதைச் சொன்னீர்களா? பிராண்டு தெரிகிறது, விலை தெரிகிறது, யார் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. புதிதாக வந்த பையன் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பால்பண்ணைக் கிழவர். அவர் அப்பா காலத்து .30-30 லீவர் ரைஃபிள் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார், மரமெல்லாம் தேய்ந்து போயிருக்கும். புடவை கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் பொங்கல் கொடுக்கப் போன என்னிடம், "உனக்கு வேட்டை கற்றுக்கொள்ள விருப்பமா" என்று அவரே கேட்டார். பெண்ணாயிற்றே என்று தயங்கவில்லை, என்ன பட்ஜெட் என்று கேட்கவில்லை. குழல்முனையை எங்கே காட்டக் கூடாது என்பதைத்தான் முதல் நாள் முழுக்கச் சொன்னார். வேற்று நாட்டு மனிதர் எனக்குச் செய்ததை, நம் ஊர்ப் பையனுக்கு நம்மால் செய்ய முடியவில்லையே.

ஊரில், என்ன பைக் வைத்திருக்கிறாய், எந்த காலேஜ் என்று கேட்டு ஆளை எடைபோடுவார்கள். அதெல்லாம் வேண்டாம் என்றுதானே இத்தனை தூரம் வந்தோம். இங்கேயும் அதே அளவுகோலா?

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டதாகச் சொன்னாய். முதலில் உரிமம் எடு, அது இல்லாமல் என் ரைஃபிளை உன் கையில் கொடுக்க முடியாது. எடுத்ததும் எனக்கு மெசேஜ் போடு. ஞாயிற்றுக்கிழமை காலை ரேஞ்சுக்குப் போகலாம். என் .308, பக்கத்து வீட்டுக்காரரின் .243 இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு எது தோளுக்கு ஒத்துவருகிறதோ அதை வாங்கு. காதுக்கும் கண்ணுக்கும் வேண்டியது என்னிடம் இருக்கிறது. தோட்டா மட்டும் நீ வாங்கிக்கொண்டு வா.