அம்மாவின் போனில் எந்த ஆப் இருக்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் குரூப் வைபரிலிருந்து டெலிகிராமுக்கு மாறியதால், அங்கே படிப்பித்த என் அம்மாவுக்கு ஒரு செய்தி வராமல் போனதைப் பற்றிக் குரூப்பில் கேட்டிருந்தேன். அதற்கு ஞாயிறு இரவு வந்த பதிலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷொட் இந்நேரம் லண்டன், டொரொன்டோ எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். "டெலிகிராமுக்கு மாறச் சொல்லி முன்னமே அறிவித்தாயிற்று, இன்னும் வைபரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பவர்களுக்காக மற்றவர்கள் நிற்க முடியாது." அதற்குக் கீழே இன்னொருவர், "அப்டேட் ஆகாதவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்." அதற்கு வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்களில் என் அம்மாவிடம் கணிதம் படித்தவர்களும் இருக்கிறார்கள். பெயரெல்லாம் எழுத மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

ஸ்மார்ட்போனில் எந்த ஆப்பை வைத்திருக்கிறோம் என்பது கெட்டித்தனத்துக்கு வைத்த பரீட்சை இல்லை. எங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே நாங்களும் இருக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

அம்மாவின் போன் தம்பி பாவித்துவிட்டுக் கொடுத்தது. முதல் திரையில் மூன்றே மூன்று ஆப்களின் படங்களை வைத்திருக்கிறார். ஊதா, அதாவது வைபர் என்றால் டொரொன்டோவில் இருக்கும் சின்னம்மா. பச்சை, அதாவது வட்ஸ்அப் என்றால் நாங்களும் தொடர்மாடிக் குரூப்பும். நீலம் துபாயில் இருக்கும் அத்தான். அந்த நீலம் போட்டிம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அழைப்பு எடுக்க முடியாது. அதனால் அங்கே அனுமதி உள்ள ஆப்பை அத்தான் போட்டார், அவருக்காக அம்மாவும் போட்டார். வைபரும் அப்படித்தான். வெளிநாட்டு அழைப்புக்கு அட்டை வாங்கிச் சுரண்டி, நிமிடத்தை எண்ணி எண்ணிக் கதைத்த காலத்துக்குப் பிறகு இலங்கையில் எத்தனை வீடுகளுக்கு வைபர்தான் வந்தது! சின்னம்மா அப்போது வந்த இடத்திலேயே இன்றைக்கும் இருக்கிறார். சின்னம்மாவை விட்டுவிட்டு அம்மா எங்கே போவது?

இந்த மூன்றில் ஒன்றைக்கூட அம்மா விளம்பரம் பார்த்துப் போடவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஆள் இருக்கிறார்.

"டெலிகிராம்தான் பாதுகாப்பு, அது தெரியாமல் எழுதாதீர்கள்" என்று இன்பொக்ஸில் வந்து சொன்னவருக்குப் பதில் இங்கேயே எழுதுகிறேன். வட்ஸ்அப் 2016 ஏப்ரலிலிருந்து எல்லா உரையாடல்களையும், குரூப் உட்பட, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் படிக்கக்கூடிய மாதிரி மறையாக்கம் செய்கிறது. வைபரும் அதே ஆண்டில் அதைக் கொண்டுவந்தது. டெலிகிராமில் அந்த வசதி "இரகசிய உரையாடல்" என்று தனியாகத் திறந்தால்தான், அதுவும் இரண்டு பேருக்கிடையில் மட்டும்தான். டெலிகிராம் குரூப்பில் எழுதுவது அந்த நிறுவனத்தின் சேர்வரில் அவர்கள் திறக்கக்கூடிய வகையில்தான் இருக்கிறது. உண்மையாகவே பாதுகாப்புத்தான் கவலை என்றால் சிக்னல் என்ற ஆப்புக்குப் போயிருக்க வேண்டும். 2021 ஜனவரியில் வட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போகிறது என்றதும் பாதிப்பேர் சிக்னலுக்கு ஓடினீர்கள். நானும் போட்டேன். மாசி முடியும்போது அங்கே கதைக்க ஒருவரும் இல்லை. அந்த ஆப்பில் ஒரு குறையும் கிடையாது. ஆட்கள் இருக்கவில்லை, அதுதான் காரணம். நான் சொல்வதும் இதைத்தானே?

சரி, நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். வைபர் குரூப்பில் 250 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. எங்கள் பாடசாலை பெரியது. இடம் போதவில்லை என்றால் மாறத்தான் வேண்டும். வட்ஸ்அப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஏற்கனவே முக்கால்வாசிப்பேர் அதில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும், டெலிகிராமில் நம்பரை மறைக்கலாம். இதை நான் மறுக்க மாட்டேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன். முன்பு நாங்கள் இருந்த இடத்தில், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பதற்காகத் தொடங்கிய குரூப்பிலிருந்து என் நம்பரை எடுத்து, இரவு பதினொரு மணிக்கு "நித்திரையா?" என்று எழுதினவர் இருக்கிறார். பெண் பிள்ளைகள் அதற்காக டெலிகிராம் கேட்டால் நானே முன்னுக்கு நின்று ஆதரிப்பேன். ஆனால் ஞாயிறு வந்த பதிலில் பெண்களின் பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அப்டேட், அப்டேட் என்பது மட்டும்தான் இருந்தது.

"ஒரு ஆப் போடுவதற்கு ஐந்து நிமிடம், இதற்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பீர்கள். போட்டோம். நானே அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். போனில் இடம் இல்லை என்று வந்தது. அம்மாவிடம் இருந்த காலை வணக்கப் படங்களை அழித்தால் இடம் வரும். அவற்றில் பாதி சின்னம்மா அனுப்பியவை, அம்மா அழிக்க விடவில்லை. கடைசியில் போட்டோ எடுக்கும் ஆப் ஒன்றைத் தூக்கிவிட்டு டெலிகிராமை வைத்தோம். டெலிகிராமும் நீலம், போட்டிமும் நீலம். அத்தானுக்கு அழைக்கப் போய் அம்மா டெலிகிராமைத் திறந்துவிடுவார். நீங்கள் டெலிகிராமில் சேர்ந்ததும் உங்கள் நம்பர் வைத்திருப்பவர்களுக்கு அது தகவல் சொல்லும். அம்மாவை முன்பின் தெரியாத யாரோ, வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்று சொல்லும் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். அம்மா பயந்துபோய் என்னிடம் போனை நீட்டி, "இதை எடுத்துவிடு பிள்ளை, எனக்கு வேண்டாம்" என்றார். எடுத்துவிட்டேன். எழுபது வயதில் பயந்துகொண்டு போன் பாவிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆப்களை இப்படி நம்புகிறவர்கள் 2019 ஏப்ரலை மறந்துவிட்டார்களா? உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்த பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் கலவரம் நடந்தபோதும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஆர்ப்பாட்டங்களின்போது மறுபடியும். 2019இல் குண்டு வெடித்த கொச்சிக்கடை தேவாலயத்துக்குப் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று சின்னம்மாவுக்குத் தெரியும். வைபர் வேலை செய்யவில்லை. என்னைப் போன்றவர்கள் முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன் தேடிக்கொண்டிருந்த நேரம் வீட்டில் லேண்ட்லைன் அடித்தது. சின்னம்மாதான். அந்த நம்பரை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். அம்மா பேச முன்பே அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். அன்றைக்கு அப்டேட் ஆனவர்களை விட அப்டேட் ஆகாதவர்கள்தான் முதலில் ஒருவரை ஒருவர் பிடித்தார்கள்.

இப்போது நான் இவ்வளவு நேரம் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் பல ஆண்டுகள் இருந்த விஞ்ஞான டீச்சர் போன மாதம் தவறிவிட்டார். மரண அறிவித்தல் டெலிகிராம் குரூப்பில் மட்டும் போனது. பூதவுடல் பொரளையில் மலர்ச்சாலையில் இருந்தது, மறுநாள் பின்னேரம் கனத்தை மயானத்தில் தகனம். வெள்ளவத்தையில் இருந்து பொரளை என்ன தூரம்? ஓட்டோ பிடித்தால் போய்விடலாம். எல்லாம் முடிந்த பிறகு, சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு நிற்கும்போது, யாரோ ஒரு பழைய மாணவி, "டீச்சர், உங்களைச் செத்த வீட்டில் காணவில்லையே" என்று கேட்டிருக்கிறார். அம்மா கீரைக்கட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னது ஒன்றுதான்: "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை."

இதைத்தான் நான் குரூப்பில் கேட்டேன். ஏன் ஒரு எஸ்எம்எஸ் போடவில்லை, ஏன் வைபரிலும் ஒரு வரி எழுதவில்லை என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அதற்கு வந்ததுதான் ஞாயிறு பதில். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"அட்மின் வேலை சும்மா செய்கிறோம், சம்பளமா தருகிறீர்கள்" என்பவர்களுக்கு: சும்மா செய்கிறீர்கள், நன்றி. ஆனால் அந்தக் குரூப்பை நடத்துவது யாருக்காக? விளையாட்டுப் போட்டிக்கு டீசேர்ட் அளவு கேட்கவா? எங்களுக்குப் படிப்பித்தவர்கள் இருக்கிற இடத்தில் நாங்கள் போய் நிற்க வேண்டுமே தவிர, நாங்கள் நிற்கிற இடத்துக்கு வராவிட்டால் அவர்களை வெட்டிவிடுவது எங்கள் பாடசாலையில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்த பழக்கம் இல்லை. அவர்கள் ஒருவரும் எங்களை அப்படி விட்டுவிட்டுப் போகவில்லை. கணக்கு விளங்காதவளுக்காக இன்டர்வெல்லிலும் சோக்கோடு நின்றவர்கள் அவர்கள்.

மாறுங்கள், தாராளமாக மாறுங்கள். படம், காணொளி, கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் டெலிகிராமில் போடுங்கள். மரண அறிவித்தலையும் சுகவீனச் செய்தியையும் மட்டும் பழைய வைபர் குரூப்பிலும் போட்டு, அதிலும் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். உங்களுக்கு நேரம் இல்லை என்றால் நான் செய்கிறேன். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர்மாரின் நம்பர்கள் என்னிடம் இருக்கின்றன, அம்மாவின் பழைய டயறியிலிருந்து எழுதி எடுத்துவிட்டேன். கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். கொமெண்டில் நம்பர் போட வேண்டாம்.